கவிழ்ந்த முகம்

அந்த முகத்தை முதலில் பார்த்தது அண்ணன்தான். முதலில் பார்த்திருக்க வேண்டியவன் அவனல்ல.

போன வாரம் நூலக முற்றத்தில், இன்னும் தண்ணீர் விடாத தொட்டிக்குள், வடிகால் வாயைச் சரிபார்த்துவிட்டு இளைப்பாற மல்லாந்து படுத்தான். தலைக்கு மேலே கான்கிரீட் பலகை. பலகையின் அடிப்பக்கத்தில், தரையைப் பார்த்தபடி, வெள்ளைக் கல்லில் ஒரு முகம்.

தம்பியின் முகம்.

எழுந்தான். கையில் ஒட்டியிருந்த பூச்சைக்கூடத் துடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு தங்கை எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

தங்கை சிற்பி; அந்தத் தொட்டியும் பலகையும் நூலகத்துக்காக அவள் செய்தவை. அண்ணன் தொட்டிகளில் நீர் கசியாமல் பூச்சு வேலை செய்யும் ஒப்பந்தக்காரன். தண்ணீரை இருக்கிற இடத்திலேயே இருக்க வைப்பது அவன் தொழில். தம்பி, சிற்பியோடு ஒரே பிரசவத்தில் பிறந்தவன். அவளுக்குப் பின்னால், அவளைவிடச் சின்னதாக வந்ததால் வீட்டில் அவன் பெயர் சுண்டு. பத்தொன்பது வயதில் அண்ணனோடு நீர்த்தேக்கத்துக்குக் குளிக்கப் போனான். அண்ணன் மட்டும் திரும்பி வந்தான்.

உடல் கிடைக்கவில்லை.

கிடைக்காததால் அம்மா அழவில்லை. சுவரில் அவன் படத்தை மாட்டவும் இல்லை. மாட்டினால் அவன் செத்துப்போனவன் ஆகிவிடுவான். வீட்டிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவி எங்கே என்று பிள்ளைகள் கேட்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்று தொட்டியில் தண்ணீர் விட வேண்டும். நாளை நூலகக் குழு வந்து பார்க்கும்.

அண்ணன் வருவானா என்று தெரியாமலே சிற்பி காலையில் தொட்டியின் தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கிரானைட். துடைக்கத் துடைக்க இன்னும் கறுத்தது.

அண்ணன் வந்தான்.

அவன் முற்றத்துக்குள் கால் வைத்ததும் நூலகர் குறுக்கே வந்தார். ஒல்லியான மனிதர். தொட்டிக்குக் குறி போட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலை.

"சார், நீங்களாவது மேடம்கிட்ட சொல்லுங்க. நாலு மீன் விட்டா என்ன குறைஞ்சுபோயிடும்? கொசுவும் வராது, பசங்களும் பார்ப்பாங்க."

"ஒரு விரல் தண்ணி சார்," என்றாள் சிற்பி, நிமிராமல். "மீன் படுத்துக்கிட்டுத்தான் நீந்தணும்."

"குட்டி மீனா விடலாமே."

"தண்ணி அசையக் கூடாது."

"அசையாத தண்ணி எதுக்கு மேடம்? அதுக்கு ஒரு கண்ணாடியை வாங்கிப் படுக்கப் போட்டிருக்கலாமே. வேலை மிச்சம்."

அண்ணன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் பலகை. தொட்டிக்குக் குறுக்கே, ஆள் உயரத்தில், இரண்டு தூண்கள் தாங்கிய சாம்பல் நிறப் பலகை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று நின்றபடி யாரும் பார்க்க முடியாது. தண்ணீர் வந்த பிறகு தண்ணீரில்தான் பார்க்கலாம்.

நூலகர் போனார்.

"அதை இறக்கிடு, பாப்பா."

நாற்பது தாண்டியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

"வந்ததும் வராததுமா இதுதானா? போனை ஏன் எடுக்கல?"

"எடுத்து என்ன சொல்றது?"

"நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு. அதான் இறக்கச் சொல்றேன்."

"இறக்கினா வெறும் பலகைதான் மிஞ்சும்."

"மிஞ்சட்டும். உன் ஆளுங்க அதையும் தலையைச் சாய்ச்சுப் பார்த்து ஆகா ஆகாம்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"முகம்னு தெரியாது. வேலை முடிஞ்சுது, வந்து பாருன்னு மட்டும் சொன்னேன்."

"எப்ப?"

"இன்னைக்கு. இப்ப வந்துருவாங்க."

அண்ணன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். உள்ளங்கைகளை முழங்கால்களில் வைத்துக்கொண்டான். குனிந்தால் பலகையின் அடிப்பக்கம் தெரிந்துவிடும் என்று முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தான்.

"வேணாம்," என்றான். "நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன்."

"அம்மா பார்த்துட்டு வேணாம்னு சொன்னா இறக்கிடறேன். இன்னைக்கே. ஆனா அம்மா பார்க்கணும். ஊர்ல யார் யாரோ பார்க்கறதுக்கு முன்னாடி அம்மா பார்க்கணும்."

"பார்த்து?"

"அவன் இல்லைன்னு அம்மா ஒரு தடவை வாயால சொல்லணும்ணா. அப்பதான் என்னால அழ முடியும்."

"நீ இதுவரைக்கும் அழலையா?"

"அம்மா அழாம நான் எப்படி அழறது?"



*

அவள் தண்ணீரிடம் வந்தது சுற்றி வளைத்துத்தான்.

சுண்டு போன பிறகு பல வருடங்கள் நிறைந்த வாளிக்குள் அவள் பார்த்ததில்லை. குவளையால் முதலில் கலக்கிவிட்டுத்தான் மொள்ளுவாள். கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணங்களைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். உண்மைக் காரணம், கல் உலர்ந்திருக்கும்.

பிறகு வெளிதேசத்தில் ஒரு பயிலரங்கு. அங்கே கலைக்கூடத்தின் நடுமுற்றத்தில் புதிதாக ஒரு சிற்பம் வைத்திருந்தார்கள். கறுப்புத் தொட்டி. அதன் மேல் வளைந்த எஃகுக் குழாய் ஒன்று. பாதி வட்டம்தான். மீதிப் பாதியைத் தண்ணீர் போட்டுக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் விளிம்பருகே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் கூட வந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு ஆழம்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள், காவலர் திரும்பி நின்ற நேரம் பார்த்து, ஒரு விரலை உள்ளே விட்டாள்.

முதல் கணு நனைவதற்குள் தரை தட்டியது.

"இவ்வளவுதானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். காவலர் திரும்பிப் பார்த்தார்.

யாரையும் மூழ்கடிக்க முடியாத ஆழம். அடியில்லாதது போல் காட்டிக்கொண்டிருந்தது. கலங்கினாலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. அவளுடைய விரல் வட்டத்தை உடைத்தது. சற்றுப் பொறுத்ததும் வட்டம் மறுபடி கூடிக்கொண்டது.

ஊர் திரும்பிய பிறகு அவள் எதையும் முழுதாகச் செய்யவில்லை. பாதி வளையம், பாதிக் கிண்ணம், ஒருபக்கக் கை. மீதியைத் தண்ணீருக்கு விட்டாள். பேர் வந்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், அதெல்லாம் ஒத்திகை.

நூலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது ஒத்திகை முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

முகத்துக்குப் படம் இல்லை. அம்மாவிடம் கேட்க முடியாது. தன் பட்டறைக்கு ஒரு பழைய பீரோவை வாங்கிவந்து போட்டாள். கதவில் நீளக் கண்ணாடி வைத்த பீரோ. பள்ளி நாட்களில் அவளும் சுண்டுவும் அப்படியொரு கண்ணாடி முன்னால் நெருக்கியடித்து நின்றுதான் தலை வாருவார்கள். யார் நடுவில் நிற்பது என்று சண்டை வரும். முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

இப்போதும் நடுவில் நிற்காமல் ஒதுங்கி நின்றாள். பக்கத்து இடத்தைக் காலியாக விட்டாள். காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் களிமண்ணைப் பிசைந்தாள். சில காலைகளில் அந்தப் பக்கத்துக் கண்ணாடி யாரோ மூச்சு விட்டதுபோல மங்கும். அவளுடைய மூச்சுதான். அது அவளுக்குத் தெரியும். இருந்தும் துடைக்க மாட்டாள்.

நெற்றி வந்தது. மூக்கு வந்தது. மரத்திலிருந்து விழுந்து புருவத்தில் வாங்கிய வெட்டுத் தழும்பு வந்தது. உதடு மட்டும் நாள்கணக்கில் வரவில்லை. ஒருநாள் வந்துவிட்டது. அன்று அவளுக்குப் பட்டறையில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

தண்ணீர் இடத்தை வலமாக்கிவிடும். அது தொழிலின் பாலபாடம். அதனால் களிமண்ணில் வந்த முகத்தை இடம் வலமாகத் திருப்பிக் கல்லில் செதுக்கினாள். தண்ணீரில் அது நேராகிவிடும்.

*

"பூச்சு இன்னும் காயல," என்றான் அண்ணன்.

அவள் தொட்டியின் மூலைக்குப் போய் இணைப்பில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

"கல்லு மாதிரி காஞ்சிருக்கு."

"மேலதான் காஞ்சிருக்கு. உள்ள காயல."

"உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணா."

அண்ணன் அவளைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான்.

"தெரியாதுதான்," என்றான்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் உன்னைக் கேட்டுத் துளைச்சதில்ல."

"ஏன், துளைச்சியே. போலீஸ்காரங்களே பரவால்லன்னு ஆக்கிட்ட."

"அது அந்த வயசு. அப்புறம் கேக்கல இல்ல?"

"கேக்கல."

"நீ அவனைத் தள்ளியா விட்ட? கால் வழுக்கி விழுந்தவனுக்கு நீ என்ன பண்ணுவ? அந்த முகத்தைப் பார்க்க நீ ஏன் இப்படிப் பயப்படற?"

அண்ணன் எழுந்தான். வெளியே போகிறான் என்று நினைத்தாள். வாசல் வரை போனான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்பது புரிந்தது. காதில் வைத்துக்கொண்டு நின்றான். யாரும் எடுக்கவில்லை.

"கிளம்பியிருப்பாங்க," என்றாள் சிற்பி.

குழாயின் திருகை அவளே திறந்தாள்.

சத்தம் வரவில்லை. அப்படித்தான் வடிவமைத்திருந்தாள். தரையின் நாலு ஓரத்திலும் நூலளவு பிளவுகள் வழியே தண்ணீர் கசிந்தது. முதலில் கல் வியர்த்தது போல இருந்தது. பிறகு திட்டுத் திட்டாக மினுங்கியது. திட்டுகள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடத்தில் எல்லை மறைந்தது.

தண்ணீருக்குள் முதலில் வந்தது வானம். பிறகு பலகையின் ஓரம். அதற்குப் பிறகு, தொட்டியின் நடுவில் வெளிச்சமாக ஒரு கன்னம்.

அண்ணன் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது.

முகம் துண்டு துண்டாக வந்தது. கண் இருக்கும் இடத்தில் இன்னும் வறண்ட கல். வாய் வந்துவிட்டது. வாயும் கன்னமும் மட்டுமாகக் கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் கடைசித் திட்டும் மூடியது. கீழே, மிகக் கீழே, மல்லாந்து படுத்தபடி சுண்டு அவர்களைப் பார்த்தான்.

பத்தொன்பது வயது. கண்கள் திறந்திருந்தன.

சிற்பி இரண்டு வருடங்கள் தொட்டுத் தடவிச் செய்த முகம். அந்த முகத்தில் அவள் அறியாதது எதுவும் இல்லை. இருந்தும் ஓரடி பின்னால் போனாள்.

*

அம்மா வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது.

தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதுகு இன்னும் அளவுகோல். முற்றத்தின் வாசலிலேயே நின்று பலகையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதையா ரெண்டு வருஷமா செஞ்ச? சாப்பிடாம தூங்காம?"

"கிட்ட வந்து பாரும்மா."

"கிட்ட வந்தா மட்டும் வேற மாதிரி ஆகிடுமா? மழைக்கு ஒதுங்கலாம். அவ்வளவுதான்."

நூலகர் ஒரு நாற்காலியோடு வந்தார். "அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மீன் விடலாம்னா மேடம் கேக்க மாட்டேங்கறாங்க."

"கல்யாணத்துக்கே இவ என் பேச்சைக் கேக்கல. மீனுக்கா கேக்கப்போறா?"

நூலகர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நிழலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"உக்காரும்மா," என்றான் அண்ணன். "இங்கயே உக்காரு. வெயிலா இருக்கு."

"வெயில் எங்கடா இருக்கு? நீ ஏன் இப்படி வேர்த்திருக்க?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மா உட்காரவில்லை. தொட்டியை நோக்கி நடந்தாள். அவன் குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தான். விழாமல் இருக்கப் பிடித்ததா, நிறுத்தப் பிடித்ததா என்று சிற்பிக்குத் தெரியவில்லை. அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள பார்க்கணுமா?"

"ஆமாம்மா. நடுவுல."

அம்மா குனிந்தாள்.

சிற்பி அம்மாவைப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்த அம்மாவைப் பார்த்தாள். நரைத்த தலை விளிம்பில் எட்டிப் பார்த்தது. அதற்கு அப்பால் வெள்ளை முகம். இரண்டுக்கும் நடுவே வானம்.

 அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். புடவையில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

 எங்கோ உள்ளே யாரோ புத்தகங்களை அடுக்கும் சத்தம்.

"எவ்வளவு ஆழம் தோண்டினே?" என்று கேட்டாள் அம்மா.

"ஆழமே இல்லம்மா. ஒரு விரல்தான்."

சிற்பி மண்டியிட்டுத் தண்ணீரைத் தொட்டுக் காட்டினாள். முகம் உடைந்தது. கண் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போயின. அம்மா சட்டென்று அவள் தோளைப் பிடித்தாள். விரல்கள் அழுந்தின. வளையங்கள் ஓரத்தில் மோதி அடங்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை. முகம் கூடிய பிறகுதான் தளர்ந்தது.

இப்போது சொல்லிவிடுவாள் என்று சிற்பி நினைத்தாள். ஒரு வார்த்தைதான் வேண்டும். போய்ட்டானே என்று ஒரு வார்த்தை.

"இது அவன் இல்ல," என்றாள் அம்மா.

"ம்மா."

"அவன்தான். ஆனா உள்பக்கம் வெளியில இருக்கு. சட்டையைத் திருப்பிப் போட்டா எனக்குத் தெரியாதா? அவனுக்கு வெட்டு இடது புருவத்துல. நீ வலதுல வச்சிருக்க."

"இல்லம்மா. இந்தப் பக்கம்தான். எனக்கு நல்லாத் தெரியும். தினமும் பார்த்திருக்கேன்."

"எங்க பார்த்த?"

"பீரோவுல, தலை வாரும்போது..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கு நடக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள். சாப்பிடும்போது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வயிற்றிலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். சுண்டுவின் முகத்தை அவள் நேராகப் பார்த்த நேரத்தைவிடக் கண்ணாடியில் பார்த்த நேரம்தான் அதிகம். அவள் மனதிலிருந்தது கண்ணாடிச் சுண்டு. அவனைத்தான் தண்ணீருக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். உலகத்தில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத முகம்.



"தப்பாப் பண்ணிட்டேன்," என்றாள்.  "இறக்கிடறேன்ம்மா."

"மேல இருக்கறது சரியாத்தான் இருக்கு."

சொன்னது அண்ணன். இருவரும் திரும்பினார்கள். அவன் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"தண்ணியிலதான் மாறித் தெரியுது. கண்ணாடி முகத்தைத் திருப்பிச் செதுக்கியிருக்கா. அப்ப கல்லுல வந்தது நேர் முகம்தானே. போன வாரம் கீழ படுத்துக்கிட்டுப் பார்த்தேன்மா. அவன் என் மேல குனிஞ்சு நின்ன மாதிரியே இருந்துச்சு. ஒரு பிசகு இல்ல." தங்கையின் தலையில் கை வைத்தான். "நீ தப்பாப் பண்ணல, பாப்பா."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரத்திலிருந்து அவன் பேசாத பேச்செல்லாம் அந்தக் கையில் இருந்தது போலத் தோன்றியது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னால அதுக்குள்ள போய்ப் படுக்க முடியாது," என்றாள். "நீ பார்த்திருக்க இல்ல? சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

கண்களை மூடிக்கொண்டாள். அளவெடுக்கும்போது பேசும் குரலில் கேட்டாள்.

"வெட்டு?"

"இடது புருவம். கடைசியில," என்றான் அண்ணன்.

"வகிடு?"

"வலது பக்கம்."

"மச்சம்?"

"இடது தாடை. காதுக்குக் கீழ."

"கோணப்பல்?"

"வாய் மூடியிருக்கும்மா. தெரியாது."

"மூடின வாய்ல கூட உதடு தூக்குமே."

"தூக்கியிருக்கு. லேசா. அதையும் விடாம செஞ்சிருக்கா."

அம்மா தலையசைத்தாள். அவள் முகம் இளகிவந்தது. அண்ணனின் குரலும் இளகியது. சின்ன வயதில் அம்மா அளவு கேட்க, நாடாவைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இப்படித்தான். சிற்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் அந்த வீட்டில் சுண்டுவைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அழுகை முட்டியது. வரட்டும் என்று விட்டாள்.

"காது?"

"ஒட்டின காது. உன்னுது மாதிரி."

"முன்னாடி நரை? வலது பக்கம்தானே?"

"இல்லம்மா, இடது. நெத்திக்கு மேல கொத்தா..."

அண்ணன் நின்றான்.

வெள்ளைக் கல்லில் நரை செதுக்க முடியாது. சிற்பி செதுக்கவில்லை.

அம்மா கண்களைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தாள்.

"போகும்போது அவன் தலை கருகருன்னு இருந்துச்சு," என்றாள். "ஒரு நரை கிடையாது. சும்மா கேட்டேன்."

"ம்மா, நான்..."

"நேரா கேட்டா நீ சொல்ல மாட்ட. எத்தனை வருஷமா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்கேன். தம்பியைத் தண்ணிக்குக் கொடுத்தவன் மூஞ்சி இல்லடா அது."

சிற்பிக்கு முட்டி வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. யாருக்காக அழ இருந்தாளோ அவன் எங்கோ ஓர் ஊரில் தலை வாரிக்கொண்டிருக்கிறான். இடது பக்கம் நரைத்திருக்கிறது. அண்ணனுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் அவன் செத்திருந்தான்.

 பிடித்திருந்த அண்ணனின் கையை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க இருக்கான்னு அப்புறம் சொல்லு," என்றாள் அம்மா. "முதல்ல இதைச் சொல்லு. யார் மேலடா அவனுக்குக் கோபம்? என் மேலயா, இவ மேலயா?"

  அண்ணன் விளிம்பில் குனிந்து நின்றான். அவன் தலைக்கு மறுபுறம், மிகக் கீழே, அந்த இளம் முகம் கண் மூடாமல் கிடந்தது.

சிற்பிக்கு அண்ணனை நேராகப் பார்க்கத் துணிவில்லை. தண்ணீரில் பார்த்தாள்.

அவன் கண்கள் மெல்லத் திரும்பின. அம்மா பக்கம் அல்ல, அவள் பக்கம்.